காய்க்காத மரங்களுக்கு நான் போட்ட குறி

"சவுக்குக்குப் பூ உண்டா?" என்று கேட்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்காருகிறவர், கல்யாணப் பந்தியில் எதிரே உட்காருகிறவர், எனக்கு ஊசி போட்ட நர்ஸ் வரைக்கும் கேட்டாயிற்று. உண்டய்யா, உண்டு. அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. சில மரங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆண் பூ குச்சியின் நுனியில் பழுப்பாக நீண்டு மஞ்சள் தூள் கொட்டும். பெண் பூ, சிவப்பு நூலைக் கத்தரித்துக் கிளையில் ஒட்டியதுபோல் இருக்கும். அது காற்றில் வரும் தூளைப் பிடித்துக் காயாகும். இது தெரியாதவர்களைக் கேலி செய்யும் தகுதி எனக்கில்லை. நான் தெரிந்தே ஒரு காரியம் செய்தவன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம், என் பழைய சீட்டில் இப்போது இருக்கும் பெண் போன் செய்தாள். சவுக்குக் குச்சி ஒன்றைக் கவரில் போட்டு அனுப்பினால் லேப்பில் அதன் தாய் எது, தகப்பன் எது என்று சொல்லிவிடுகிறார்களாம். தாய் வழியாக மட்டும் இறங்குகிற ஏதோ ஒன்று பச்சைக்குள்ளே இருக்கிறதாம். "சார், நீங்க வெறும் லென்ஸ வெச்சிக்கினு எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?" என்றாள். "கண்ணாலதாம்மா" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். அது முழு உண்மை இல்லை என்பதால் எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு கேட்கவில்லை.

வேலையில் சேர்ந்த கதையை நீட்டப் போவதில்லை. மரவிதைப் பிரிவில் களப்பணியாளன். மூன்று மாதப் பயிற்சி, ஒரு காக்கிப் பை, ஒரு லென்ஸ், ஒரு முத்திரைச் சுத்தி. வெட்ட வேண்டிய மரத்துக்கு அந்தச் சுத்தியால்தான் குறி போடுவோம். நெஞ்சு உயரத்தில் ஒன்று, தரையை ஒட்டி அடிமரத்தில் ஒன்று. மேலே உள்ள குறி மரத்தோடு லாரியில் போய்விடும். கீழே உள்ளது அடிக்கட்டையில் நிற்கும். குறி போடாத மரத்தை எவனாவது வெட்டினால் கட்டையைப் பார்த்துப் பிடித்துவிடலாம். ஆளுக்கொரு நம்பர். என் சுத்தியில் பதினான்கு. திருடனைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது. அது என்னையே பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கலைவாணி மேடம் விழுப்புரத்துக்கு ஆபீசராக மாற்றலாகி வந்தபோது எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. என்னைவிட இருபது வயதாவது சின்னவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. திட்டுகிற அதிகாரியிடம் காலம் தள்ளிவிடலாம், திட்டாத அதிகாரியிடம்தான் பேஜாரு. எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பார்: "பாத்ததா, கேட்டதா?" இந்தத் தோப்பில் பூச்சி விழுந்திருக்கிறது மேடம் என்றால், "பாத்ததா, கேட்டதா?" கேட்டது என்றால் ஒரு வார்த்தை பேசாமல் வண்டிச் சாவியை எடுப்பார். போய்ப் பார்த்தே ஆக வேண்டும். மாவட்டத்தில் நாற்றங்கால் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் இது பழகிப்போய், அவர் முதுகுக்குப் பின்னால் அதே மாதிரி சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் பல் எண்ண வைத்த முறையைச் சொல்ல வேண்டும். சவுக்கில் ஊசி போலத் தொங்குவது இலை இல்லை, கணுக்கணுவான குச்சி. கணுவில் பிடித்து இழுத்தால் கழன்று வரும். கழன்ற இடத்தில் சுற்றிலும் பொடிப் பொடியாகப் பல் மாதிரி நிற்பதுதான் இலை. நம் நாட்டுச் சவுக்கில் அது ஏழு. வெளிநாட்டிலிருந்து வந்த சவுக்கு ஒன்று உண்டு, அது இனமே வேறு, அதில் பத்து. எங்கேயாவது ஒரு கணுவில் மட்டும் ஒன்று முன்பின் இருக்கும். நாங்கள் எல்லாரும் ஒரு பார்வை பார்த்து எண்ணிச் சொல்லிவிடுவோம். மேடம் அதை நிறுத்தினார். முதல் பல்லில் பேனாவால் புள்ளி வைத்துத்தான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் எங்கே ஆரம்பித்தோம் என்று கண் மறந்துவிடும். செடியின் நடுப்பகுதியில், வெயில் படுகிற பக்கத்தில் பத்துக் கணு. ஒரே கணுவை மூன்று பேர் தனித்தனியாக எண்ணி, வாய் திறக்காமல் சீட்டில் எழுதி மடித்து, அவருடைய டிபன் பாக்ஸ் மூடியில் போட வேண்டும்.

"ஏன் மேடம், சொன்னா ஜல்தியா முடிஞ்சிடுமே" என்று கேட்டேன்.

"ஒருத்தர் ஏழுன்னு சொல்லிட்டா அடுத்தவர் கண்ணுக்கும் ஏழுதான் தெரியும் ஏழுமலை" என்றார். என் பெயரை வைத்துச் சொன்னாரோ என்று நானும் கூட இருந்தவர்களும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது தண்டபாணியின் புகார் வந்தது. இரும்பை பக்கத்தில் மூன்று ஏக்கர் செம்மண்ணில் சவுக்கு போட்டிருந்தார். நட்டு ஒன்றரை வருஷம். நாற்று கொடுத்தது கிளியனூரில் நாற்றங்கால் வைத்திருந்த ஆரோக்கியமேரி. முகையூரில் பிறந்த பெண், ஊர் ஊராக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆயப் போன குடும்பம். சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. குத்தகை நிலத்தில் பந்தல் போட்டு, எட்டு வருஷத்தில் எங்கள் பிரிவின் அனுமதி பெற்ற நாற்றங்கால் என்று போர்டு வைக்கிற அளவுக்கு வந்திருந்தாள். தண்டபாணி அந்த போர்டையும் அவள் முகத்தையும் போட்டோ எடுத்து, "போலி நாத்து, உஷார்" என்று விவசாயிகள் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிட்டார். ஒரே வாரத்தில் நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். புகார் உண்மை என்று நாங்கள் எழுதினால் அனுமதி போய்விடும். அனுமதி போனால் அவளுக்கு மறுபடியும் மல்லாட்டைக் கொல்லைதான்.

மேடமும் நானும் தண்டபாணியின் சவுக்குக் கொல்லைக்குப் போனபோது அவரும் மேரியும் அங்கே இருந்தார்கள்.

"நீங்களே பாருங்க மேடம்" என்றார் தண்டபாணி. "ஒண்ணு ரெண்டாளு உசரம் நிக்குது, ஒண்ணு என் இடுப்பண்டதான் வருது. நெட்டையெல்லாம் குட்டைய அமுக்கிப்போடுது. இத்த எப்படி ஒரே வெட்டா வெட்டுறது? சுத்தமான நாட்டு நாத்துன்னு சொல்லி எதையோ கலந்து உட்டுடுச்சி இந்தம்மா."

"நான் இன்னாத்த கலந்தேன்? உங்க ஆபீசு காட்டுன தோப்புலதான் வெத எடுத்தேன். வேற ஒரு மரத்துல கை வெச்சிருந்தா என் கை அழுவிப்போவட்டும்!"

"கை அழுவுனா என் கொல்ல நேராயிடுமா?"

"சத்தம் வேணாம்" என்றார் மேடம். "எண்ணலாம்."

எண்ணினோம். தண்டபாணிக்கும் ஒரு லென்ஸ் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். மூன்றாவது ஆள் அவர்தான். முதலில் முணுமுணுத்துக்கொண்டே எண்ணியவர், பத்துச் செடி தாண்டியதும் பேச்சை விட்டுவிட்டு எங்களைவிட மும்முரமாக எண்ணினார். மதியம் வரை குனிந்தே இருந்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. மூடியில் இருந்த சீட்டுகளைப் பிரித்தபோது குட்டைச் செடி எல்லாம் ஏழு. நெட்டைச் செடி எல்லாம் எட்டு, ஒன்பது. பத்து என்று ஒரு சீட்டும் இல்லை.

மேடம் தண்டபாணியைக் கேட்டார். "நாட்டு விதையில வெளிநாட்டு விதையக் கலந்திருந்தா, கொல்லையில ஏழும் இருக்கணும், பத்தும் இருக்கணும். பத்து எங்க?"

"இல்ல மேடம்."

"அப்ப இந்த நெட்டையெல்லாம் ரெண்டுக்கும் பொறந்தது. மூட்டையில கலக்கல. மரத்திலேயே கலந்திருக்குது."

எது தாய், எது தகப்பன் என்பதில் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கத்தில் இருக்கிற வெளிநாட்டுச் சவுக்கு, ஒரே மரத்தின் குச்சியை வெட்டி வேர் பிடிக்க வைத்துப் பரப்பியது. குளோன் சவுக்கு என்பார்கள். அந்த முதல் மரம் ஆண். அதனால் அத்தனையும் ஆண். தூள் கொட்டுமே தவிர ஒரு காய் காய்க்காது. ஆக, நம் நாட்டு மரம்தான் தாயாக இருக்க முடியும். ஆனால் எந்த நாட்டு மரம்? எங்கள் பிரிவு அங்கீகரித்த விதைத் தோப்பில் கலப்பு இருக்க வாய்ப்பில்லை என்று ஆபீஸ் பேப்பர் சொன்னது. அந்தப் பேப்பரில் கையெழுத்து என்னுடையது. அப்படியானால் மேரி வேறெங்கோ, ஏதோ ஒரு வேலியோர மரத்தில் விதை எடுத்துவிட்டுத் தோப்பின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். மேடமும் அப்படித்தான் நினைத்தார். நானும் அதைத்தான் நினைத்தேன். நினைக்கச் சௌகரியமாகவும் இருந்தது.

அப்போது மேரி, "சார், வரிசைத் தலப்புல துணி கட்டியிருக்கும், பாருங்க" என்றாள்.

ஒவ்வொரு தாய் மரத்தின் விதையையும் அவள் தனித்தனியாகக் காயவைத்து, தனித்தனிப் பாத்தியில் விதைப்பாளாம். ஒரு மரத்து விதை சீக்கிரம் முளைக்கும், ஒன்று தாமதமாகும், சேர்த்து விதைத்தால் பாத்தி மேடும் பள்ளமுமாகப் போய்விடும் என்பது அவள் கணக்கு. மரத்துக்கு ஒரு கலரில் பழைய சேலைக் கிழிசல். மரத்தில் அதே கலர், பாத்திக் குச்சியில் அதே கலர், நாற்றுக்கட்டிலும் அதே கலர். நடுகிற பெண்கள் ஒரு கட்டு தொடங்கும் இடத்தில் அந்தக் கிழிசலை முதல் செடியில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றரை வருஷ வெயிலில் சிவப்பு வெளிறி ரோஸாகியிருந்தது. நீலம் மடிப்புக்குள் மட்டும் நீலமாக இருந்தது. அத்தனையையும் தேடிப் பிடித்தோம்.

சிவப்புத் துணிக் கட்டுகளில் பெரும்பாலும் கலப்பு. மஞ்சளில் பாதிக்கு மேல். நீலத் துணிக் கட்டுகளில் மருந்துக்கும் கலப்பில்லை, அத்தனையும் ஏழு. மேடம் நோட்டை மூடிவிட்டு, "அந்த மரங்களைப் பாக்கணும்" என்றார்.

விதைத் தோப்பு கிளியனூருக்கு உள்ளே இருந்தது. மேற்குப் பக்கம்தான் வாசல். வாசலுக்கு வெளியே ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவரின் குளோன் சவுக்குக் கொல்லை. ஜீப்பில் போகும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். சிவப்புத் துணி மரம் மேற்கு ஓரத்தில், குளோனுக்குப் பக்கத்தில் இருக்கும். நீலத் துணி மரம் கிழக்கே தொலைவில் இருக்கும். காற்று கொண்டுவந்த தூள், கிட்டே இருப்பதைத் தொட்டிருக்கும். வேறென்ன? மேடத்திடம் அப்படியே சொன்னேன். வழக்கமான கேள்வியைக் கூட அவர் கேட்கவில்லை, திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

மேரி எங்களை வாசல் வழியாக விடவில்லை. "இப்படிக்கா வாங்க சார்" என்று தோப்பைச் சுற்றிக் கிழக்குப் பக்கமாக அழைத்துக்கொண்டு போனாள். காரமுள்ளும் சப்பாத்திக் கள்ளியுமாக ஒரே புதர். "நேர் வழி இருக்கச் சொல்ல இன்னாத்துக்கும்மா இந்தச் சுத்து?" என்று நான் சிடுசிடுத்தேன். "செவப்பு மரம் இங்கதான் சார் கீது" என்றாள்.

சிவப்பு கிழக்குக் கோடியில் இருந்தது. குளோனிலிருந்து தோப்பின் மொத்த அகலமும் தாண்டி. அங்கிருந்து மேற்கே நடந்தால் மஞ்சள். வாசலை ஒட்டி, வாய்க்கால் கரையிலேயே, குளோன் கொல்லையின் தூள் மேலே வந்து விழுகிற இடத்தில் நீலம்.

"ஏழுமலை, நீங்க சொன்னதுக்குத் தலைகீழா இருக்குதே" என்றார் மேடம்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எது கிட்டே இருக்கிறதோ அது சுத்தம், எது எட்ட இருக்கிறதோ அது கலப்பு என்றால் என்ன அர்த்தம்? நீலத் துணி மரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் முனீஸ்வரன் கல் ஒன்று, மஞ்சள் பூசி, எலுமிச்சை குத்திய சூலத்தோடு. கல்லைச் சுற்றி மூன்று ஒல்லிச் சவுக்கு. மூன்றும் நாட்டு மரம், மூன்றும் ஆண். நுனியெல்லாம் பழுப்புப் பூ. முனியைச் சுற்றியிருக்கிற மரத்தில் எங்கள் பக்கத்தில் எவனும் கத்தி வைக்க மாட்டான். காய்க்காத மரமானாலும், காய்ந்த மரமானாலும் சரி.

மறுபடியும் சிவப்பு மரத்துக்குத் தனியாக நடந்தேன். அங்கே சுற்றிலும் காய்க்கிற மரங்கள்தான், ஆண் மரம் ஒன்றுகூட இல்லை. செருப்பில் ஏறிய முள்ளை எடுக்க ஓர் அடிக்கட்டையில் உட்கார்ந்தேன். கை பட்ட இடத்தில் பள்ளமாக ஏதோ தட்டியது. கரையான் மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். பதினான்கு.

அடுத்த கட்டை. பதினான்கு. அதற்கடுத்தது. பதினான்கு.

"என்ன பாக்கறீங்க?" என்று தூரத்திலிருந்து மேடம் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம். முள்ளு" என்றேன்.

அதற்கு நான்கு வருஷத்துக்கு முன் மேலே இருந்து ஓர் ஆணை வந்திருந்தது. விதை மகசூல் குறைந்த மரங்களை நீக்கி, நல்ல மரங்களுக்கு இடம் விடவும் என்று. ஆண் மரம் கொஞ்சமாவது விட்டு வைக்க வேண்டும் என்பது பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தது. எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் தோப்பில் நின்று பார்க்கும்போது ஒரு பக்கம் கிளை தெரியாமல் காய்த்த மரம், இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லாமல் நெடுநெடுவென்று நிற்கிற மரம். கை தன்னால் காய்க்காத மரத்துக்குத்தான் போகிறது. வெட்டுகிறவர்களும் "மலட்டு மரம் சார், போடுங்க குறி" என்கிறார்கள். லாரி வேறு வந்து நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்குள் அத்தனைக்கும் குறி போட்டு முடித்துவிட்டேன். சுள்ளி பொறுக்க வந்த பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நானும் பதிலுக்கு ஏதோ சொல்லிச் சிரித்தேன். என்ன சொன்னோம் என்று ஞாபகமில்லை. அடுத்த வருஷம் மரத்துக்கு மரம் காய் அதிகம் என்று ஆபீஸில் என்னைப் பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

இப்போது எல்லாம் பிடிபட்டது. ஒரு பெண் மரம் எந்த இனத்துத் தூளை ஏற்கும் என்பதைத் தூரமும் காற்றும் மட்டும் முடிவு செய்வதில்லை. தன் இனத்துத் தூள் தாராளமாக விழுகிற இடத்தில் அயல் தூள் பக்கத்திலேயே இருந்தாலும் பாச்சா பலிக்காது. நீல மரத்துக்கு முனீஸ்வரன் புண்ணியத்தில் மூன்று மாப்பிள்ளை மிஞ்சியிருந்தார்கள். சிவப்பு மரத்தின் பூ சிவப்பு நூலை நீட்டிக்கொண்டு காத்திருந்தபோது சொந்த இனத்தில் ஒருத்தனும் இல்லை. சுற்று வட்டாரத்தில் நாட்டுச் சவுக்கு போட்டவர்களும் அந்தப் பருவத்தில் வெட்டி முடித்திருந்தார்கள். காற்றில் வந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தூள் மட்டும்தான். வேறு வழியில்லாமல் கலந்தது. அந்த வழியை அடைத்தவன் நான்.

வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. மூன்று மாதத்தில் ஓய்வு. கட்டைகளைக் கரையான் பாதி தின்றுவிட்டது, மீதியை அடுத்த மழை பார்த்துக்கொள்ளும். மேடம் நல்ல மனுஷி, அவரே ஏதாவது காரணம் கண்டுபிடித்து மேரியை விட்டுவிடுவார் என்றுகூட நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கண்ணை மூடினால் வாட்ஸ்ஆப்பில் வந்த அந்த போட்டோ. தப்பு செய்த என் மூஞ்சி எந்த போனிலும் இல்லை, செய்யாதவள் மூஞ்சி முந்நூறு பேர் போனில் இருந்தது.

காலையில் முதல் பஸ்ஸில் விழுப்புரம் போனேன். மேடம் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம், அத்த கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். "ஆம்பள மரத்தையெல்லாம் வெட்டுனதாலதான் தோப்பு கலந்து போச்சி. அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

பேனாவை மூடினார். "பாத்ததா, கேட்டதா?"

"பாத்தது மேடம். அடிக்கட்டையில பதினாலாம் நம்பர் சுத்தி. என் சுத்திதான்."

"நேத்து முள்ளுன்னீங்க" என்றார்.

"முள்ளுதான் மேடம். ராவெல்லாம் குத்திக்கினு இருந்தது."

அப்போதும் திட்டவில்லை. வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "உங்க கையால எழுதுங்க" என்றார். எழுதினேன். அன்றைக்கே இரண்டு பேரும் தோப்புக்குத் திரும்பிப் போய், கட்டை ஒவ்வொன்றையும் சுரண்டி நம்பர் பார்த்து, எந்த மரத்துக்கு எவ்வளவு தூரத்தில் ஆண் மரம் மிச்சம் என்று டேப் பிடித்துப் படம் போட்டோம். விதை தோப்பில் எடுத்ததே, கலப்புக்குக் காரணம் பிரிவின் தவறான வெட்டு என்று ரிப்போர்ட் போயிற்று. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. உண்மையை எழுதினேன். எழுத்து மூலம் கண்டித்தார்கள், அதோடு விட்டார்கள். குறித்த தேதியில் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள்.

ரிப்போர்ட் போன அன்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை இரண்டு பொட்டலம் வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து திண்டிவனம் வருகிற வரைக்கும் தின்றுகொண்டே வந்தேன். அப்படி ஒரு பசி. அப்படி ஒரு நிம்மதி. பெரிய மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி வைத்தால் கழுத்து தானாக மேலே போகுமே, அந்த மாதிரி இருந்தது.

மேடம் தண்டபாணியைக் கூப்பிட்டு, எந்த குரூப்பில் போட்டாரோ அதே குரூப்பில் திருத்தம் போட வைத்தார். "நாத்துல தப்பில்ல, தோப்புல தப்பு, அக்கா மன்னிக்கணும்" என்று எழுதி, கும்பிடுகிற கையை நான்கைந்து போட்டிருந்தார். அதோடு விட்டாரா? நெட்டை மரங்களின் வளர்த்தியைப் பார்த்துப் பார்த்து மனிதருக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து மேரியிடமே போய், "யக்கா, அடுத்த வாட்டி மூணு ஏக்கருக்கும் அந்த செவப்புத் துணிக் கட்டாவே குடுத்துடு, ஒரே சீரா வந்துடும்" என்றாராம். அவள் துடைப்பத்தை எடுக்கவில்லை என்பதே பெரிய விஷயம்.

ஓய்வு பெற்ற மறுவாரம் நான் மேரியைப் பார்க்கப் போனேன். நானே வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்காமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. பாத்தி ஓரத்தில் குந்தி நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சுற்றி நாலைந்து பெண்கள். ஆர்டர்கள் திரும்பி வந்திருந்தன.

"மேரிம்மா, அந்தத் தோப்புல ஆம்பள மரத்துக்கெல்லாம் குறி போட்டது நான்தான்" என்று தொடங்கினேன்.

"தெரியும் சார்" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"ரிப்போர்ட்ல படிச்சியா?"

"அன்னிக்கே தெரியும். சுள்ளி பொறுக்க வந்திருந்தேன் இல்ல. 'இன்னா சார், ஆம்பள மரத்தையே பாத்துப் பாத்துப் போடறீங்க, பொட்ட மரமெல்லாம் இன்னா பண்ணும்'னு நான்தான கேட்டேன். 'காய்க்காத மரத்த வெச்சிக்கினு பூசையா பண்ணுவாங்க'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க."

நான் மறந்துபோன சிரிப்பு அதுதான்.

"அப்ப ஏம்மா கொல்லையிலயே சொல்லல? ஊரே உன்னத் திட்டிக்கினு இருக்கச் சொல்ல, மேடம் எதிர்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

மேரி பிடுங்கிய நாற்றை அடுக்கி, நீலக் கிழிசலால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு மேடம் மாதிரியே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பாத்ததா, கேட்டதா? நான் சொல்லியிருந்தா மேடத்துக்கு அது கேட்டது சார். அதுவும் தப்பிச்சிக்கப் பாக்கறவ வாயால கேட்டது. அதான் உங்கள வாசலாண்ட உடாம, முள்ளு வழியா கட்டைங்க பக்கமா இட்டுக்கினு போனேன்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். இந்த முறை அவள் சொன்னது எனக்கு மறக்காது.

"ரெண்டு தரம் கட்டையத் தாண்டிப் போயிட்டீங்க சார்" என்றாள். "நல்ல வேள, செருப்புல முள்ளு ஏறுச்சி."